திறமை என்றால் சூது ஆகாதா?

நம் இளைஞரிடையே ஒரு சொல் வேரூன்றி வருகிறது. 'சூதாட்டம் என்று சொல்லாதீர்கள், அது திறமை விளையாட்டு' என்பதே அது. சுழலும் சக்கரத்தில் ஓர் எண்ணின்மேல் பணத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பவன் சூதாடியாம்; இரண்டு சீட்டைக் கைக்குள் மறைத்து, எதிரில் இருப்போர் முகத்தைப் படித்து, கணக்குப் போட்டுப் பணம் வைப்பவன் அறிவாளியாம். கல்லாதவர் இப்படிப் பேசினால் இரண்டு வார்த்தையில் திருத்திவிடலாம். பேசுவோர் பொறியியல் படித்தவர்கள், ஐவேளைத் தொழுகையைப் பேணும் குடும்பத்துப் பிள்ளைகள், மதுவைத் தொடாதவர்கள். 'பிள்ளை குடிப்பதில்லை, வீட்டுக்குள்தானே நண்பர்களோடு விளையாடுகிறான்' என்று தாய்மாரும் நிம்மதி கொள்கின்றனர். ஆகவே இந்த வாதத்தை எடுத்துவைத்து மறுப்பது அவசியமாகிறது.

இச்சொல் நம் கிதாபுகளிலிருந்து வந்ததன்று, நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. பின்னர், 1968ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற ஓர் ஆந்திர வழக்கில், ரம்மி ஆட்டத்தில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து அடுக்கும் திறனே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. மூணு சீட்டு அப்படிப்பட்டதன்று என்றும் அதே தீர்ப்பு வேறுபடுத்தியது. அன்று தொடங்கி, சீட்டாட்டத்தால் பொருள் திரட்டுவோர் அனைவர்க்கும் அத்தீர்ப்பு ஒரு கேடயமாயிற்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் பொதுவாக ஏற்றுக்கொண்டது. எனினும் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்கள் எனப் பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ வேறு வழியில் சென்றது. ஆட்டம் திறமையால் ஆனதா, வாய்ப்பால் ஆனதா, இரண்டும் கலந்ததா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் அது தடைக்குரியது என்றது. திறமையா அதிருஷ்டமா என்று அளந்துகொண்டிருந்த அரை நூற்றாண்டுக்குப் பின், அந்த அளவுகோலே வேண்டாம் என்று சட்டம் இயற்றுவோர் ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் அச்சட்டம் பேசுவது இணையத்தைப் பற்றியே. வீட்டுக் கூடத்து மேசையை அது தொடவில்லை. நம் பிள்ளைகளும் இப்போது அந்த மேசையைத்தான் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீதிமன்றத்தின் கேள்வி, இவனைக் காவலர் பிடிக்கலாமா என்பது. நம் கேள்வி, இந்தப் பணம் இவனுக்கு ஹலாலா என்பது. முதற் கேள்விக்குக் கிடைத்த விடையைக் கொண்டுவந்து இரண்டாம் கேள்விக்கு ஒட்டுவது எந்த வகை அறிவு?

நம் ஃபுகஹாக்கள் சூதை எப்படி வரையறுத்தார்கள் என்பதை அறிந்தால் இந்தக் குழப்பமே எழாது. கிமார் என்பதற்கு அவர்கள் கூறும் இலக்கணம், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஆதாயத்துக்கும் இழப்புக்கும் நடுவில் நிற்பது என்பதாகும். அரபியில் குன்ம், குர்ம் என்ற இரு சொற்கள். ஒன்று பெறுவது, மற்றது கொடுத்துத் தீர்ப்பது. இவ்விலக்கணத்தில் அதிருஷ்டம் என்ற சொல்லும் இல்லை, திறமை என்ற சொல்லும் இல்லை. நான் வைத்ததை நீ எடுப்பாய், அல்லது நீ வைத்ததை நான் எடுப்பேன் என்ற நிலை ஒன்றே அதன் உயிர்.

திறமைப் போட்டியை அவர்கள் அறியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். அம்பெய்தலைக் காட்டிலும் திறமையால் ஆன ஆட்டம் எது? குதிரையோட்டத்தில் பயிற்சி இல்லாதவன் என்ன செய்வான்? ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றில் பரிசு வைக்கலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தது ஹதீஸில் உள்ளது. அந்த மூன்றும் அன்றைய மக்களின் பாதுகாப்புக்கு வேண்டிய பயிற்சிகள். அந்த மூன்றிலுங்கூட ஃபிக்ஹு எவ்வளவு கண்டிப்பாக நடந்துகொண்டது என்று பாருங்கள். ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ பரிசளித்தால் ஆகும். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும், 'நீ வென்றால் தருகிறேன், நான் வென்றால் உன்னிடம் ஒன்றும் வேண்டேன்' என்று சொன்னாலும் ஆகும். இருவரும் பணம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்வது என்றால், பெரும்பான்மை இமாம்களிடத்தில் ஆகாது. பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர், வெல்லத் தகுந்த குதிரையோடு இடையில் நுழைந்தாலன்றி அது சூதாகவே நிற்கும். அவருக்கு முஹல்லில் என்று பெயர். இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் இந்த மூன்றாமவர் தேவையில்லை என்று கூறியதுண்டு. ஆனால் அக்கருத்து வேறுபாடு நற்காரியத்துக்கான அந்தப் பயிற்சிகளின் எல்லைக்குள் நிகழ்ந்தது. சீட்டுக்கட்டைக் குதிரை என்று அவர் சொல்லவில்லை.

வில்லாளனுக்கே இல்லாத சலுகையைச் சீட்டாடுபவன் திறமையின் பெயரால் கேட்கிறான்.

அடுத்த சமாதானம், 'வென்றதில் ஒரு பங்கை நற்காரியத்துக்குக் கொடுக்கிறேன்' என்பது. இதுவும் பழையதே. ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஆடிய மைசிர் எப்படிப்பட்டது? ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகள், ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்புகள். முதல் அம்பு ஃபத்துக்கு ஒரு பங்கு, தவ்அமுக்கு இரண்டு, இப்படியே ஏறி ஏழாம் அம்பாகிய முஅல்லாவுக்கு ஏழு பங்கு. பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். வெறும் அம்பு யார் பெயரில் வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்டுவர். வென்றவரோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு ஈந்துவிடுவர் என்றும், அதைப் பெருமையாகப் பாடினர் என்றும், அதில் சேராதவனைக் கஞ்சன் என்னும் பொருளில் பரம் என்று இகழ்ந்தனர் என்றும் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். பஞ்ச காலத்துக் குளிரில் பசித்தவன் வயிற்றை நிரப்பிய சூது அது! இன்றைய நம் பிள்ளைகளின் சனிக்கிழமை இரவு எந்தப் பசியைத் தீர்க்கிறது? அத்தகைய மைசிரைக் குறித்தே, அதில் மனிதர்க்குப் பலன்களும் உண்டு, ஆயினும் தீங்கு பலனைவிடப் பெரிது என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் இறங்கிற்று. பின்னர் அல்மாயிதா 90, 91ஆம் வசனங்கள் முற்றாக விலக்கின. ஏழைக்குப் போன இறைச்சியே அதைக் காக்கவில்லையென்றால், பள்ளிவாசல் உண்டியலில் விழும் நூறு ரூபாய் எதைக் காக்கும்?

சிறு தொகைதானே என்பாரும் உளர். முஜாஹித், அதாஉ, தாவூஸ் முதலிய தாபிஈன்கள், சிறுவர் அக்ரூட் கொட்டை வைத்து ஆடுவதையும் மைசிரில் சேர்த்தனர் என்பதோடு இதை விட்டு மேலே செல்வோம்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது என்னைக் கண்டு நெடுநேரம் பேசினார். ஒளிக்காமல் சொன்னார், அந்த நேர்மையை மெச்சுகிறேன். கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றுக்கு நண்பர்களோடு ஒருமுறை போயிருக்கிறார். நுழைந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு வண்ண வில்லைகள் கொடுக்கிறார்களாம். 'ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து வைக்கக் கை நடுங்கும் ஹஜ்ரத், வில்லையை வைக்க நடுங்காது' என்றார். அங்கே போக்கர் மேசையில் அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையிலிருந்து கேசினோ தனக்கென ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதைக் கண்டார். இரவு முழுவதும் ஆடி எழுந்தபோது மேசையில் இருந்தோரில் பெரும்பாலோர் இழந்திருந்தனர். 'இது கொள்ளை என்று தெரிந்துகொண்டேன். இனிப் போகமாட்டேன்' என்றவர், உடனே முகம் மலர்ந்து, 'ஆகவே வீட்டிலேயே ஆடுகிறோம். அங்கே கழிவு கிடையாது. நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் நண்பர்கள். ஆளுக்கு இரண்டாயிரம். ஓர் ஏட்டில் கணக்கு வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு எனக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் வரவு. அதிருஷ்டத்தால் ஓர் ஆண்டு முழுவதும் வெல்ல முடியுமா, ஹஜ்ரத்?' என்றார்.

நான் கேட்டேன்: 'தம்பி, கழிவு இல்லையென்றால் மேசைக்கு வந்த பணமும் மேசையை விட்டுப் போன பணமும் சமம். உமக்கு நாற்பதாயிரம் வரவு என்றால் அது யாருக்குச் செலவு?'

அவர் சற்றுத் தயங்கி ஒரு நண்பரைக் குறிப்பிட்டார். உடன் பணிபுரிபவர், அண்மையில் மணமானவர், ஆட்டம் அவ்வளவாகத் தெரியாதவர், ஆனால் ஒருமுறையும் வராமல் இருக்கமாட்டாதவர். போக்கர் ஆடுவோர் வழக்கில் இப்படிப்பட்டவனுக்கு மீன் என்று பெயராம். மீன் வருகிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் வர ஒப்புவார்களாம்!

வள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்தார். மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் இணைத்த திருமறையை ஓதுவோர்க்கு அவ்வரிசை வியப்பளிக்காது. அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே, சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். வென்றவனும் மீனே என்பது அவர் கருத்து. சீட்டு மேசையிலோ தோற்பவனை மட்டும் மீன் என்கிறார்கள். தம் வாயில் இருப்பது இரை என்றே நினைக்கிறார்கள்.

இங்கேதான் திறமை வாதம் தன் கழுத்தையே அறுத்துக்கொள்கிறது. அதிருஷ்டத்தால் வென்றவன், 'வரும் என்று எனக்குத் தெரியாது' என்றாவது சொல்லலாம். திறமையால் வென்றவன் என்ன சொல்வான்? எதிரில் இருப்பவன் அறியாதவன் என்று அறிந்து, அவன் தோற்பான் என்று அறிந்து, அவனைத் தன் வீட்டுக்கு அழைத்து, பிரியாணி கொடுத்து, அவன் மனைவிக்கு உரிய பணத்தை எடுத்துக்கொண்டேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? திறமை கூடக் கூடக் குற்றமும் கூடுகிறது. திறமை என்று சொல்லித் தப்பப் பார்ப்பவன், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பையும் இழக்கிறான்.

அத்திறமைதான் என்ன? ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பின் ஒன்று, பின் ஒன்று எனத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏறும். ஏற்றத்துக்கு ஈடு கொடுக்காதவன் சீட்டைப் போட்டுவிட்டு வைத்த பணத்தை இழப்பான். கையில் ஒன்றுமில்லாதவன் உயர்ந்த சீட்டு வைத்திருப்பவன்போல் பணத்தைக் குவித்து, உண்மையில் நல்ல சீட்டு வைத்திருப்பவனை அஞ்சி ஓடச் செய்வதே இவ்வாட்டத்தின் உச்சக் கலை. உள்ளத்தில் உள்ளதைக் காட்டாத முகத்துக்கே ஆங்கிலத்தில் இவ்வாட்டத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். போரில் எதிரியை ஏமாற்றுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. நண்பனை ஏமாற்றுவதைப் பழகிப் பழகித் தேர்ச்சி பெறுவதற்கு எங்கே இடம்?

இனி, அவருடைய திறமையும் அவர் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. 52 சீட்டில் இரண்டு சீட்டு வரும் வகைகள் 1,326. அவற்றில் இரண்டும் ஏஸ் ஆக வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. வீட்டு மேசையில் மணிக்கு இருபத்தைந்து ஆட்டம் என்று கொண்டால் ஒன்பது மணி நேரத்தில் ஒருமுறை வரலாம். அது வரும் இரவில் எதிரியிடம் ஒன்றுமில்லாமலும் போகலாம். வாரத்துக்கு ஓர் இரவு என்று ஓர் ஆண்டு ஆடிய சில ஆயிரம் ஆட்டங்களை வைத்துத் தன் தேர்ச்சியை அளப்பது, இரண்டு மழையைப் பார்த்துவிட்டுப் பருவத்தைக் கணிப்பது போன்றது. இதையே தொழிலாகக் கொண்டவர்கள் இலட்சக் கணக்கான ஆட்டங்களைக் கொண்டே தம் நிலையை மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் ஆசைக்குக் கணக்குப் புரியாது. 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஒருவர், தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்று 25 இலட்சம் டாலர் பெற்றார். பணம் பண்ணுபவர் என்று பொருள்படும் அது அவருடைய உண்மையான குடும்பப் பெயரே; கதை எழுதுவோர்கூட அப்படிப் பெயர் வைக்கக் கூசுவர். சிறு தொகைக்கான இணையப் போட்டி ஒன்றில் வென்று அங்கு நுழைந்தவர் அவர். உலகெங்கும் பொழுதுபோக்காக ஆடுவோர் உள்ளத்தில் அச்செய்தி தீ வைத்தது. அப்போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். நுழைவுத் தொகை ஆளுக்குப் பத்தாயிரம் டாலர். பரிசு பெற்றவர்கள் 63 பேர். வெறுங்கையோடு திரும்பிய 776 பேரின் பெயரை யார் நினைவில் வைத்தார்கள்? மறு ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

இருவரும் சம்மதித்தே ஆடுகிறோம் என்பது கடைசிக் கேடயம். அன்னிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், ஒருவர் பொருளை ஒருவர் வீணான வழியில் உண்பதைத் தடுத்து, இருவர் பொருந்திச் செய்யும் வணிகத்தை விலக்கிவைக்கிறது. பொருத்தம் வணிகத்துக்கு நிபந்தனை. வணிகமல்லாததை அது வணிகமாக்கிவிடாது. வட்டி வாங்குபவனும் கொடுப்பவனும் சம்மதித்தே கையெழுத்திடுகிறார்கள். வணிகத்தில் ஒருவர் பொருளோடும் மற்றவர் விலையோடும் வீடு திரும்புகிறார்கள். சீட்டு மேசையிலிருந்து தோற்றவன் எதைக் கொண்டுபோகிறான்?

சூதை நடத்தி வருவாய் ஈட்டும் அரசுகள் இவ்விஷயத்தில் நம் பிள்ளைகளைவிடத் தெளிவாக இருக்கின்றன. சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கேசினோக்கள் திறக்கப்பட்டன. சுற்றுலாப் பயணி இலவசமாக நுழையலாம். தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைய ஒரு நாளைக்கு நூறு வெள்ளி கட்ட வேண்டும் என்று அந்நாடு விதித்தது. 2019இல் அதை நூற்றைம்பதாக உயர்த்தியது. மொனாக்கோ தன் குடிமக்களைத் தன் புகழ்பெற்ற சூதாட்டக் கூடத்தில் ஆட விடுவதில்லை. நேபாளமும் அவ்வாறே. ஊருக்கெல்லாம் விற்கும் பண்டத்தைச் சமைப்பவன் தன் பிள்ளைக்குக் கொடுக்க மறுத்தால், அப்பண்டத்தைப் பற்றி வேறு சான்று வேண்டுமோ?

நம் மஹல்லாக்களின் நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கபரஸ்தான் சுவருக்குப் பின்னால் மூணு சீட்டு ஆடிய கூலிக்காரப் பையன்களை ஜமாஅத் அழைத்துக் கண்டிக்கிறது. அபராதம் விதிக்கும் ஊர்களும் உண்டு. கண்டிக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் செல்வர் வீட்டுத் திருமணத்தின் முதல் நாள் இரவு மாடியில் விடிய விடியப் பணம் வைத்துச் சீட்டு நடக்கும்போது, கீழே நிகாஹ் பதிவேட்டை விரித்துவைத்திருக்கும் நிர்வாகிகளின் காதில் அது விழுவதில்லை. மனமகிழ் மன்றத்தில் உறுப்பினராக இருப்பவர் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறார். ஏழை ஆடினால் சூது, பணக்காரர் ஆடினால் பொழுதுபோக்கு! இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் திறமை விளையாட்டு என்று பேசக் கற்றுக்கொண்டதில் என்ன வியப்பு? பெயரை மாற்றினால் சட்டம் மாறும் என்பதை முதலில் அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாம்தாம்.

அல்மாயிதாவின் வசனம் சூதின் தீங்காகப் பகைமையையும் வெறுப்பையும் சொல்லி, அதோடு இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதையும் சொல்கிறது. அம்மாணவரிடம் பஜ்ரு தொழுகையைப் பற்றிக் கேட்டேன். 'இடையில் எழ முடியாது, ஹஜ்ரத். வென்றுகொண்டிருப்பவன் எழுந்தால், எங்கள் பணத்தோடு ஓடுகிறான் என்பார்கள்' என்றார். நண்பர்கள் என்று சொன்ன அதே வாயால் சொன்னார்.

ஒருவன் தன் தோழனிடம், வா சூதாடுவோம் என்று சொல்லிவிட்டாலே அவன் ஸதகா கொடுக்கட்டும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சீட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு காசும் கைமாறவில்லை. அழைப்புக்கே பரிகாரம்! வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலையில் எட்டுப் பேருக்கு, 'நாளை இரவு உண்டா?' என்று கைப்பேசியில் செய்தி அனுப்புகிறவர் இதைக் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஆடிய பணத்துக்கு ஸதகா போதாது. சூதில் வென்ற பொருள் வென்றவனுக்குச் சொந்தமாவதில்லை. உரியவர் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும், தெரியாவிட்டாலோதான் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும் என்பது ஃபிக்ஹு. கேசினோவில் வென்றவன், யாருடைய பணம் என்று எனக்குத் தெரியாது எனலாம். வீட்டில் ஆடியவர் அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய ஏட்டில் தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, எதிரே தொகையும் இருக்கிறது. புதிதாக மணமான அந்த நண்பரின் பெயருக்கு நேரே உள்ள தொகைகளைக் கூட்டிப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினேன்.